நாலாவில் கொட்டிய குபானி

எங்கள் அப்பா வருடத்தில் மூன்று மாதம் லடாக்கில் இருப்பார். பூனாவை ஒட்டிய கட்கியில் ராணுவப் பட்டறை ஒன்றில் அவர் ஃபிட்டர். குளிர்காலம் தொடங்குவதற்குள் மலைமேல் முகாம்களில் உள்ள மண்ணெண்ணெய்க் கணப்புகளைப் பழுது பார்த்துவிட்டு, தீபாவளிக்கு முன்னால் திரும்பி வருவார். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா துபாயிலிருந்து வருவார். அவர் வந்தால் வகுப்புக்கே சாக்லேட் கிடைக்கும். எங்கள் அப்பா வந்தால் தோல் உரிந்த விரல்களுக்கு அம்மா ஒரு வாரம் தேங்காய் எண்ணெய் தடவுவாள்.

எனக்குப் பத்து வயதானபோது அவர் ஒரு துணிப்பை நிறைய குபானி கொண்டுவந்தார். அங்கே அவர் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா கொடுத்ததாம். கொட்டையோடு காயவைத்த சின்னச் சின்னப் பழங்கள்; பழுப்பு நிறம், கல் மாதிரி கடினம். அம்மாவுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கைப்பிடி எடுத்து வத்தக்குழம்பில் போட்டுப் பார்த்தாள். குழம்பு பாயசமாகிவிட்டது. அப்பா மட்டும் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மீதியைத் தீபாவளிப் பலகாரத்தோடு குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வரச்சொல்லி என்னை அனுப்பினார். மற்ற வீடுகளிலிருந்து தட்டில் கரஞ்சியும் சக்லியும் வரும். நான் மட்டும் இந்தச் சுருங்கிப்போன கொட்டைகளை நீட்டிக்கொண்டு நிற்பதா? முறுக்கை மட்டும் கொடுத்தேன். குபானியைப் பின்பக்கம் ஓடும் நாலாவில், அந்தச் சாக்கடை ஓடையில், பையோடு கொட்டிவிட்டேன்.

என்ன சொன்னார்கள் என்று அப்பா ஆவலாகக் கேட்டார். எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னும் கிடைக்குமா என்று கேட்டார்கள் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கும் ஆசையாக இருக்கிறது, அடுத்த முறை நிறையக் கொண்டுவாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன். பொய் சொல்வதில் நான் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை.

அடுத்த வருடம் அப்பா ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார். லாரியில் ஜம்மு வரைக்கும், அங்கிருந்து ரயிலில் பூனா வரைக்கும் அதன்மேல் தலைவைத்தே தூங்கியிருக்கிறார்.

"ஊரே கேக்குதுன்னு சொன்னியே பாப்பா, அதான்" என்றார்.

இந்த முறை தானும் கூட வந்து கொடுப்பதாக அவர் சொன்னார். முதலில் தட்டியது கீழ்வீட்டு மராத்தி மாமி காக்குவின் கதவை. போன வருடம் உங்களுக்குப் பிடித்ததாமே, இந்த வருடம் நிறைய இருக்கிறது என்று அப்பா தன் பட்டறை இந்தியில் சொன்னார். காக்கு மூட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் வாசல் ரங்கோலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஹா பாய்சாப், பஹுத் மீட்டா தா" என்றார் காக்கு. ரொம்ப இனிப்பாக இருந்ததாம்.

மற்ற வீடுகளுக்குத் தானே கொடுத்துவிடுவதாகச் சொல்லி மூட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதனாலேயே அவரைப் படிக்கட்டில் பார்த்தால் பல மாதங்கள் நான் ஓடி ஒளிந்தேன்.

அன்று சாப்பிடும்போது அப்பா அந்த வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொன்னார். கணவர் இல்லாதவர், வீட்டுக்குப் பின்னால் மூன்றே மூன்று மரங்கள். பழத்தை வியாபாரியிடம் போட்டுத்தான் வருடா வருடம் குளிர்காலத்து மண்ணெண்ணெயை வாங்குவாராம். பூனாவில் ஒரு குழந்தை ஆசைப்பட்டதென்று அப்பா சொன்னதைக் கேட்டு, இந்த வருடம் வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்பா கொடுத்த பணத்தையும் வாங்கவில்லை. மண்ணெண்ணெய் விஷயம் மலையிறங்கும் வழியில் லாரி டிரைவர் சொல்லித்தான் அப்பாவுக்கே தெரிந்திருக்கிறது.

"மூணு மாசம் அந்தக் குளிர்ல கெடந்ததுக்கு எனக்கு அந்த அம்மாவோட மனசு போதும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அடுத்த வருஷமும் தருவாங்களாப்பா?"

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மகளுக்கு அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டார். மறுபடி மூட்டை வந்தால் மாட்டிக்கொள்வோமே என்ற பயத்தில் நான் கேட்டேன். அந்தக் குளிர்காலத்தில் அந்த அம்மா எதைக் கொளுத்திக் குளிர்காய்வார் என்று கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் கணப்பு பழுது பார்க்கிறவரின் மகள் நான்.