எரியாத கை

அத்தையின் வலது புறங்கையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெளிறிய தேமல் இருந்தது. அத்தை என்றால் என் தாய்மாமன் மனைவி. காடாம்புலியூரில் முந்திரி உடைப்பவர். கொட்டையை உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் பெண்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். அத்தை ஒரு கட்டத்தில் பூசுவதையே விட்டுவிட்டார். "எனக்குக் கை பழகிப்போச்சுடா, எரியறதே இல்ல" என்று பெருமையடித்துக்கொள்வார். கூட இருந்தவர்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. எரியாத கையைக் கண்டு யார் பயப்படுவார்கள்?

கையில் கொப்புளம் உடைந்து புண்ணானது. அதுவும் வலிக்கவில்லை என்று அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னபோதுதான் எனக்குப் பகீரென்றது. கடலூர் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். "தொட்டா சொல்லுங்கம்மா" என்று தேமலின் மேல் பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அத்தை கண்ணை மூடியபடி, இன்னும் தொடவில்லை என்று காத்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரத்தில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முடிவில் கிரானுலோமா என்று இருந்தது. 'ஓமா' என்று முடிந்தாலே புற்றுநோய்தான் என்பது எங்கள் நினைப்பு. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்:

"'ஓமா'ன்னா கிரேக்கத்துல வீக்கம், கட்டி, அவ்வளவுதான். முன்பாதி லத்தீன், சின்ன தானியம்னு அர்த்தம். அந்தக் காலத்துல பாத்தவங்க கண்ணுக்குக் குருணை குருணையா தெரிஞ்சிருக்கு, அதையே பேரா வச்சிட்டாங்க. ஒடம்பால ஒழிக்க முடியாத எதையாவது வெள்ளை அணுக்கள் சுத்தி அடைச்சு வைக்கிற எடம் அது."

"இவங்க ஒடம்பு எத அடைச்சு வச்சிருக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"தொழுநோய்க் கிருமி. நரம்பப் புடிச்சிருக்கு."

மாத்திரையில் முழுசாகக் குணமாகும், தொட்டால் ஒட்டாது, உணர்ச்சி மட்டும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வூட்ல கொழந்தைங்க இருக்கு. தூக்கலாமா?"

"தாராளமா தூக்குங்க."

மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு முடித்தார். புண் ஆறிவிட்டது. குணமாகிவிட்டது என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். போன வாரம் என் மகள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அத்தை குனிந்து அவளை இடது கையால் மட்டும் தூக்கி இடுப்பில் வைத்தார். வலது கை முந்தானைக்குள் இருந்தது.

"கைதான் நல்லாயிடுச்சே, அத்த" என்றேன்.

"ஆயிடுச்சுடா" என்றார். கையை வெளியே எடுக்கவில்லை.