வோன்மொபில் கண்ணாடியில் இருந்த சந்தனம்

பிள்ளைகளே, டெவனில் ஒரு புல்வெளியில் நாங்கள் ஆறு நாள் அசையாமல் நின்றதை நீங்கள் இருவரும் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். மூன்று கிழமை இங்கிலாந்தைச் சுற்றவென்று வீட்டையே தூக்கிக்கொண்டு போன அப்பா, பாதி வழியில் அதை ஒரு வயலில் நட்டுவிட்டாராம். லண்டனிலிருந்து மாமா ஏன் வந்து வண்டியை ஓட்டினார் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம், அப்பாவுக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு வலி என்று நானும் அம்மாவும் சொன்னோம். எனக்கு நாரிப்பிடிப்பு இருக்கவில்லை. இப்போது மூத்தவள் வாகனம் ஓட்டப் பழகுகிறாள். அவள் தனியாக ஸ்டியரிங் பிடிக்கும் முன் நடந்ததை எழுதித் தந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்ததை வைத்துத் திருத்தி வாசியுங்கள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. அந்த வசந்தத்தில்தான் எங்களுக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்தது. அதற்கு முன் இங்கிலாந்துக்குப் போவதென்றால் விசா, கடிதம், காத்திருப்பு. போனாலும் கலியாண மண்டபம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு மண்டபம், சொந்தக்காரர் வீட்டு மெத்தை, இவ்வளவுதான். உங்களுக்கு நான் அந்த நாட்டின் வயலும் ஆறும் காட்ட விரும்பினேன். வேலையிடத்தில் ஒரு ஜெர்மன்காரர் ஒவ்வொரு கோடையும் வோன்மொபில் எடுத்துக்கொண்டு போவார். கட்டில், குசினி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். அவரிடம் கேட்டு, ஹம் நகருக்குப் பக்கத்தில் வாடகைக்கு விடும் ஒரு இடத்தில் நானும் ஒன்று எடுத்தேன். ஏழு மீற்றர் நீளம். இதை எப்படித் திருப்புவது என்று இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தேன். ஆனால் நான் ஸ்டாப்ளர், அதுதான் சரக்குத் தூக்கும் வண்டி, ஓட்டுகிறவன். கிடங்கில் ஒரு தொன் பெட்டியை முள்ளில் தூக்கி ஆறாம் தட்டில் வைக்கிற எனக்கு இது பெரிய விசயமா என்று சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எனக்கு நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம் இருந்தது உங்களுக்குத் தெரியும். வீட்டு வைத்தியர் நாலு மாதத்துக்கு முன்பே கண் வைத்தியரிடம் போகச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தந்திருந்தார். அதை மடித்துப் பணப்பையில் வைத்தவன் வைத்தவன்தான். ஸ்டாப்ளர் ஓட்டுகிறவனின் கண்ணில் குறை கண்டுபிடித்தால் ஸ்டாப்ளர் போய்விடும் என்று பயந்தேன். பார்க்காத கண்ணில் குறை இருக்காது என்று நினைத்தேன் போலும்.

புறப்படும் முன் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். வாடகை வண்டிக்கு என்ன பூசை என்று நண்பர்கள் பகிடி பண்ணினார்கள். உங்கள் அம்மா விடவில்லை. "வண்டிதான் வாடகை, உள்ள இருக்கிற பிள்ளையள் வாடகையோ?" என்று கேட்டாள். ஐயர் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து, தேங்காய் உடைத்து, முன்கண்ணாடியில் விபூதியை மூன்று குறியாக இழுத்து, நடுவில் பெரிய சந்தனப் பொட்டு வைத்தார். கொஞ்சம் தாராளமாகவே வைத்தார். திரும்பி வரும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

பிரான்சின் கலே துறைமுகத்தில் கப்பல் ஏறி இங்கிலாந்தின் டோவரில் இறங்கினோம். பயம் அங்கே தொடங்கியது. ஜெர்மன் வண்டியில் ஓட்டுநர் இருப்பது இடப்பக்கம். அந்த நாட்டில் ஓடுவதும் இடப்பக்கம். ஆகவே நான் வேலியோரமாக இருந்தேன். எதிரே வருகிறவை, வலப்பக்கச் சந்தியில் வருகிறவை எல்லாம் அம்மாவின் கதிரைப் பக்கம். அம்மாவுக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஆனால் இரண்டாம் நாளிலேயே எங்களுக்குள் ஒரு முறை வந்துவிட்டது. சந்தியில் நிற்பேன். அவள் கழுத்தை நீட்டிப் பார்த்து, "பொறுங்கோ, பொறுங்கோ... இப்ப போங்கோ" என்பாள். நீங்கள் பின்னால் மேசையில் இருந்து அதை அப்படியே பாடுவீர்கள். எனக்கும் சிரிப்பு வரும்.

ஐந்தாம் நாள், டோர்செட் பக்கம் போகும்போது, கண்ணாடியின் வலப்பக்கத்தில் ஒரு கறுப்பு இழுவை தெரிந்தது. சந்தனம் மழையில் தெரு அழுக்கோடு கரைந்து வழிகிறது என்று நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன். கரைந்தால் கரையட்டும், துடைக்கக் கூடாது என்றாள். அடுத்த நாள் அது தடித்தது. தண்ணீருக்குள் மை விட்டதுபோல் நூல் நூலாகப் பிரிந்து நின்றது. ஐயரை மனதுக்குள் ஏசினேன். அவ்வளவு சந்தனம் ஏன் அப்பினார் என்று.

எட்டாம் நாள் காலை. அம்மா உங்களைக் குளிக்க வார்க்க வோன்மொபில்கள் தங்கும் முகாமின் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். நான் வினாகிரி கலந்த தண்ணீரும் துணியும் எடுத்து, ஏணியில் ஏறி, அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். சந்தனம் போனது. விபூதி போனது. கண்ணாடி பளிங்காக இருந்தது. கீழே இறங்கி, எதிரே இருந்த மலைச்சரிவைப் பார்த்தேன். அதில் செம்மறி ஆடுகள் நின்றன. ஆடுகளுக்கு மேல் அந்தக் கறுப்பு இழுவை நின்றது. நான் வானத்தைப் பார்த்தேன். அதுவும் வானத்துக்கு வந்தது. முகாமின் வாசலைப் பார்த்தேன். வாசலுக்கும் வந்தது. இடக் கண்ணைக் கையால் பொத்தினேன். ஆடுகளைக் காணவில்லை. மலையே ஒரு புகையாக இருந்தது.

கையில் ஈரத் துணியோடு அந்தப் புல்லில் இருந்துவிட்டேன். நீங்கள் தலை துவட்டாமல் ஓடிவந்தீர்கள். இன்றைக்குக் கடல் பார்க்கப் போவோமா என்று சின்னவள் கேட்டாள். ஓம் என்றேன். இதுதான் நான் செய்த பெரிய பிழை. அந்த ஒரு ஓம்.

அதன் பிறகு மூன்று நாள் ஓட்டினேன். நீங்கள் படங்களில் பார்க்கிறீர்களே, கடற்கரையில் கிழங்குப் பொரியலோடு நிற்கும் படம், பாலத்தில் நிற்கும் படம், அவை எல்லாம் அந்த மூன்று நாளில் எடுத்தவை. என் சிரிப்பை நன்றாகப் பாருங்கள். டெவனின் ஒழுங்கைகள் ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பற்றை வேலி. வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று நல்ல கண் உள்ளவனுக்கே தெரியாது. எனக்கு இரவில் நித்திரை இல்லை, பகலில் பசி இல்லை. ஸ்டியரிங் என் வியர்வையில் வழுக்கியது. அம்மா "இப்ப போங்கோ" என்றால் போனேன். நான் அவளின் கண்ணால்தான் ஓட்டுகிறேன் என்பது அவளுக்குத் தெரியாது. சொன்னால் பயணம் நிற்கும், வேலையும் போகும். சொல்லாவிட்டால்? அதை யோசிக்க விடாமல் அடுத்த வளைவு வந்துவிடும்.

பதினோராம் நாள் மத்தியானம், ஒரு ஒழுங்கை முடிந்து பெரிய தெருவில் ஏறும் சந்தி. அந்த நேரம் பார்த்து அம்மா சின்னவளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுக்கப் பின்னால் திரும்பியிருந்தாள். நான் வலப்பக்கம் பார்த்தேன். புகை தெரிந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. சத்தம் இல்லையென்றால் வாகனம் இல்லை என்று பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன்.

"அப்பா, ஆள்!"

மூத்தவளே, அது உன் குரல். நீ பின் யன்னலோரம் இருந்து கத்தினாய். கால் தானாக பிரேக்கை மிதித்தது. குசினித் தட்டில் இருந்த கோப்பைகள் எல்லாம் கீழே விழுந்தன. முன்னால் ஒரு வயதான மனிதர், சைக்கிளை விட்டு இறங்கக்கூட நேரமில்லாமல், ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு கையை எங்கள் வண்டியின் முகப்பில் வைத்தபடி நின்றார். தள்ளி நிறுத்தப் பார்த்தவர்போல. சைக்கிள் கூடையில் பாணும் ஒரு பத்திரிகையும் இருந்தன. அவர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டி, "சொறி" என்று மன்னிப்புக் கேட்டார். அவர் என்னிடம் கேட்டார். பிறகு மெதுவாக மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

சந்திக்குப் பக்கத்திலேயே ஒரு கமக்காரர் தன் வயலில் நடத்தும் முகாமின் பலகை இருந்தது. நடக்கிற வேகத்தில் அதற்குள் வண்டியை விட்டு நிறுத்தினேன். நீங்கள் வாத்துப் பார்க்க ஓடினீர்கள். அம்மா சோற்றுக்கு அரிசி கழுவத் தொடங்கினாள். நான் வண்டிச் சாவியை, அந்தத் திறப்பை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"இனி என்னாலை ஓட்டேலாது."

"களைப்பெண்டால் கொஞ்சம் படுங்கோவன்."

"களைப்பில்லை. வலக் கண் தெரியேல்லை."

அவள் கை அரிசிக்குள் அப்படியே நின்றது. எத்தனை நாளாக என்று கேட்டாள். இழுவை ஆறு நாளாக, அது கண்ணில்தான் என்று தெரிந்து மூன்று நாளாக என்று சொன்னேன். பொய் சொல்ல இனி இடமில்லை.

"மூண்டு நாள். பிள்ளையளைப் பின்னாலை வைச்சுக்கொண்டு, மூண்டு நாள்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிவிட்டு, உலையை அடுப்பில் வைத்தாள். பிறகு யன்னலைப் பார்த்தபடி, "அப்ப சந்தனத்தை மழை கழுவேல்லை. கண்ணிலை இருந்ததுக்குக் கண்ணாடியைத் துடைச்சிருக்கிறியள்" என்றாள். நான் பணப்பையில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். அதில் இருந்த திகதியை அவள் இரண்டு முறை வாசித்தாள். மடித்து, தன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தத் துண்டு என் கைக்கு வரவேயில்லை.

மாமாவுக்கு அவள்தான் தொலைபேசி எடுத்தாள். அவர் கடையில் லீவு எடுக்க ஆறு நாள் ஆனது. அதற்குள் வாடகை இடத்துக்கும் பேசி, அவர் பெயரை ஓட்டுநராகச் சேர்த்துக்கொண்டோம். அந்த ஆறு நாளும் நான் ஒவ்வொரு காலையும் வேலியோரம் போய் நின்று, ஒரு கண்ணைப் பொத்தி, பிறகு மற்றக் கண்ணைப் பொத்திப் பார்ப்பேன். இடக் கண்ணும் போய்விட்டதா என்று. நீங்கள் அதை ஒளித்துப்பிடித்து விளையாட்டு என்று நினைத்து ஓடி ஒளிந்தீர்கள். உங்களைத் தேடவும் செய்தேன். நீங்கள் அந்தப் புல்வெளியைத்தான் பயணத்திலேயே நல்ல இடம் என்கிறீர்கள். எனக்கு அது வேறு இடம்.

மாமா வந்து இறங்கியதும் சுற்றுமுற்றும் பார்த்தார். "அத்தான், கலியாணவீட்டுக்கு வாங்கோ எண்டால் வரமாட்டியள். மாடு மேய்க்கிற இடத்துக்கு என்னைக் கூப்பிடுறியள்" என்றார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அவர் எங்களை ஹம் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, ரயில் ஏறிப் போனார். யாருக்கும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கண் வைத்தியரிடம் அம்மாவும் கூட வந்தாள். சீனியால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, லேசர் பிடிக்க வேண்டும், அவர் சொல்லும்வரை எதையும் ஓட்டக் கூடாது என்றார். நாலு மாதம் எங்கே போனீர்கள் என்றும் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். வேலையிடத்துக்குக் கொடுக்கும் மருத்துவ லீவுச் சான்றில் எனக்கு என்ன வருத்தம் என்று எழுதவில்லை. வேலையிடத்துக்கு எதுவும் தெரியவராது. லேசர் முடிய, லீவு முடிய, புகையும் மெலிந்து வந்தது. ஓட்டலாம் என்று வைத்தியர் இன்னும் சொல்லவில்லை. இருந்தும், வாயை மூடிக்கொண்டு ஸ்டாப்ளரில் ஏறினால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்தது என்று எழுதுகிறேன், மறைக்கவில்லை. கிடங்கில் தட்டுகளுக்கு நடுவே பெட்டி மடிக்கும் பெண்கள் குறுக்கே நடப்பார்கள். அவர்கள் நடந்தால் சத்தம் கேட்காது, அந்த சைக்கிள்போல.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், காலை ஷிப்ட் தொடங்க அரை மணி இருக்கும்போதே போய்விட்டேன். உடைமாற்றும் அறையில் ஆள் இல்லை. எங்கள் மேற்பார்வையாளரான மாஸ்டரின் அறை திறந்திருந்தது, அவர் இன்னும் வரவில்லை. சுவரில் ஸ்டாப்ளர் திறப்புகள் தொங்கும் பலகை இருக்கும். ஒன்பது வருடமாக ஏழாம் நம்பர் திறப்பு என் சட்டைப்பையில்தான் இருந்தது. லீவில் போகும்போதுகூட நான் அதைத் திருப்பிக் கொடுப்பதில்லை. சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தேன். இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு, வலக் கண்ணால் ஏழாம் நம்பரைத் தேடினேன். திறப்பு மாட்டும் கொளுவி தெரிந்தது, நம்பர் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டு, இரண்டு கண்ணாலும் பார்த்து, திறப்பை அதில் கொளுவினேன்.