கிளட்ச் சாரின் சர்க்கரையில்லா மிட்டாய்

"கிளட்ச்ச மெதுவா விடும்மா, கோழிக்குஞ்ச கீழ இறக்கி விடற மாதிரி," என்றபடி அடுத்த மிட்டாயின் காகிதத்தைப் பிரிப்பார் கிளட்ச் சார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அது நாங்கள் வைத்த பெயர். அவருடைய வீட்டுக்காரம்மாவும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார். வயிறு முன்னால் போகும், ஆள் பின்னால் வருவார். சர்க்கரை நோய் என்றதும் கண்கலங்கியவர், சர்க்கரையில்லாத மிட்டாய் என்று ஒன்று விற்பதைப் பார்த்ததும் கடையிலேயே துள்ளிக் குதித்தாராம். சட்டைப்பை, டாஷ்போர்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு, எங்கே கைவைத்தாலும் மிட்டாய். தேநீரில் வேறு இனிப்பு மாத்திரை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். "அளவா சாப்பிட்டா சரி. வருஷக்கணக்கா அள்ளிப் போட்டுக்கிட்டா இதயத்துக்கு என்ன ஆகும், குடலுக்கு என்ன ஆகும்னு ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க. நீங்க என்ன, சோதனை எலியா?"

"எலிக்கு இவ்வளவு மிட்டாய் எவன் தருவான்?" என்பார் இவர்.

அன்று நான் பின் சீட்டில் என் முறைக்காகக் காத்திருந்தேன். ஓட்டியவர் ஒரு நூலகர் அம்மா. இரண்டாவது கியரைத் தாண்டியதே இல்லை. சைக்கிள்காரர்கள் எங்களை முந்திவிட்டு அனுதாபத்தோடு திரும்பிப் பார்ப்பார்கள். திடீரென்று எங்கோ கடகடவென்று உருண்டது.

"சார், கியர் பாக்ஸ்ல சத்தம் வருது!"

"வண்டி இல்லம்மா. நான்தான்."

அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. மிட்டாய்ப் பொட்டலத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்: 'அதிகம் உண்டால் பேதியாகலாம்.' சத்தமாக வேறு வாசித்துத் தொலைத்தேன்.

"மூணாவது போடு தாயே!" என்று அலறினார்.

நூலகர் போட்டார். நாலாவதும் போட்டார். லாரியை முந்தினார், ரவுண்டானாவை ஒரே வீச்சில் சுற்றினார், வாழ்க்கையில் முதல்முறையாக ஹாரனை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்க மறந்தார். பெட்ரோல் பங்க்கில் கார் நின்றும் நிற்காமலும் கதவு திறந்தது. அந்த உடம்புக்குள் ஓர் ஓட்டப்பந்தய வீரர் ஒளிந்திருந்தது யாருக்குத் தெரியும்!

வெகுநேரம் கழித்துத் திரும்பினார். ஒரு சுற்று இளைத்திருந்தார். மனைவிக்குத் தானே போன் போட்டார். "நீ சொன்னதுதான் சரி. இனி டீயக்கூட வெறும் டீயாவே குடிக்கிறேன், போதுமா? சிரிக்காத!" மறுமுனைச் சிரிப்பு எங்களுக்கே கேட்டது.

நூலகர் ஸ்டீயரிங்கை விடவே இல்லை. முகமெல்லாம் பல். "சார், இன்னொரு ரவுண்டு போலாமா?"

கிளட்ச் சார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முன்கதவைச் சாத்தினார். சுற்றி வந்து என் பக்கத்தில், பின் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, நிம்மதியாகக் கண்ணை மூடினார்.