சிவப்பு மை அடித்த வசனங்கள்

நாடகத்தில் கைதட்டல் கேட்டால் பயப்படுகிற ஒரே ஆள், வசனம் எடுத்துக்கொடுப்பவள்தான். நம் குரல் சபைவரை கேட்டுவிட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். பக்கத்திரைக்குப் பின்னால் தாள்களோடு நின்று, அடுத்தவர் பேச வேண்டியதைக் கிசுகிசுத்தே தொண்டை கட்டிப்போனவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழந்தை தூங்குகிறாள். வெளிச்சம் தெருவுக்குத் தெரியாமல் விளக்கைத் துணியால் மறைத்திருக்கிறேன்.

மூன்று காப்பி

எமர்ஜென்சி வந்து, சென்னையில் ஆட்சியும் கலைந்திருந்த சமயம். செங்கல்பட்டில் எங்கள் குழு போடும் ராஜா கதையை மூன்று காப்பி எழுதி போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். கான்வென்ட்டில் விரல் கணுவில் அடிவாங்கிப் பழகிய கையெழுத்து என்பதால் அதை எழுதுவது நான். மேடையில் எடுத்துக்கொடுப்பதும் நான். பக்கத்துக்குப் பக்கம் முத்திரையும், ஆகாத வரிகளின் மேல் சிவப்புக் கோடுமாக ஒரு காப்பி மட்டும் திரும்பி வரும். கோடு போட்ட வரி மேடையில் ஒலித்தால் குழுவுக்கு லைசென்ஸ் போகும். எனக்கு அதோடு முடியாது. என் கணவருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் தற்காலிக வேலை. போலீஸ் விசாரணை நல்லபடியாக முடிந்தால்தான் நிரந்தரம்.

காப்பியை வாங்கப் போன அன்று ஸ்டேஷன் ரைட்டர் ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "எழுத்து சோக்கா கீதும்மா. ஆயிரம் தாள்ல கலந்து போட்டாலும் உன்னுதுன்னு எடுத்துடுவேன்."

படாளத்தில் வந்த சிரிப்பு

பபூன் வேஷம் முனுசாமி அண்ணனுக்கு. அவர் பேசும் ரேஷன் கடை நையாண்டி நாலு வரியும் சிவப்பில் போயிருந்தது. அந்த இடத்தை எப்படித் தாண்டுவது என்று தெரியவில்லை. "சும்மா நில்லுங்க, நாலு வரி நேரம் போனதும் நான் அடுத்ததைச் சொல்றேன்" என்றேன்.

படாளத்துக் களத்துமேட்டில் அப்படியே நின்றார். கையும் ஆடவில்லை, முகமும் ஆடவில்லை. நான் மனதுக்குள் அந்த நாலு வரியை ஓட்டினேன். நாலாவது வரி முடிகிற இடத்தில், சரியாக அந்த இடத்தில், மொத்த ஜனமும் சிரித்தது. அந்த ஊரில் அதற்கு முன்பு நாங்கள் நாடகம் போட்டதே இல்லை. உள்ளே வந்த முனுசாமி அண்ணனுக்கு அரிதாரத்தை மீறி வேர்த்திருந்தது. "நான் வாயே தொறக்கலியே தங்கச்சி, இன்னாத்த கேட்டு சிரிச்சானுங்க?"

கோவளத்தில் இன்னொரு உதடு

கடற்கரை மணலில் மேடை. முதல் வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், மடியில் பைல், கையில் சின்ன டார்ச். நான் பக்கம் திருப்பினால் அவரும் திருப்பினார். நான் முணுமுணுத்தால் அவர் உதடும் அசைந்தது. எனக்கு இருமல் வந்து நின்றேன்; அவர் உதடும் நின்றது. மூன்றாவது காப்பி யாரிடம் போகிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நாடகம் முடிந்ததும் பின்பக்கம் வந்தார். அதட்டுவார் என்று நினைத்தேன். என் தோளில் கிடந்த குழந்தையைக் குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வூட்டுக்காரரு கல்பாக்கம் பஸ்ல ஜன்னலோரமா ஒக்காந்து போறாரு. எதிர்காத்து, சளி புடிக்கும், சொல்லி வைம்மா."

மாமல்லபுரத்தில் கேட்ட கேள்வி

அங்கே சர்க்கார் விழா. கடைசிக் காட்சியில் 'நாட்டில் யாருக்கும் குறையில்லை' என்று மந்திரி சொல்லும்படி புது வசனம் டைப் அடித்து வந்திருந்தது. மந்திரியாக நடித்த பெரியவருக்கு மனப்பாடம் நிற்காது. காதில் விழுவதை அப்படியே சொல்லிவிடுவார். வெள்ளைச் சட்டைக்காரர் அதே முதல் வரிசையில்.

குழந்தைக்கு அன்று காய்ச்சல். மந்திரி வாயைத் திறக்கும் நேரத்தில் வீறிட்டாள். அவளைத் தட்டிக்கொண்டே தாளைப் பார்க்காமல், ஒத்திகையில் நாக்குக்குப் பழகி, பிறகு சிவப்புக் கோடு விழுந்த பழைய வரியைக் கொடுத்துவிட்டேன். மந்திரி கணீரென்று சொன்னார்: "அழைத்துச் செல்லப்பட்டவர்கள் ஏன் வீடு திரும்பவில்லை, மன்னா?"

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் நடுவில் மீன் விற்கும் அம்மா ஒருத்தி எழுந்து நின்றாள். "நானும் அத்தத்தான் கேக்குறேன் ராசா. எம்புள்ளய ஜீப்புல இட்டுகினு போயி மூணு மாசமாச்சு. நீயாவது சொல்லு, ஏன் வூட்டுக்கு வரல?"

ராஜா பதிலுக்காக என் பக்கம் காதைத் திருப்பினார். தாள்களைப் புரட்டினேன். பதில் எந்தக் காப்பியிலும் இல்லை. யாரோ திரையை இறக்கிவிட்டார்கள்.

வெள்ளைச் சட்டைக்காரர் வந்தபோது குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது, அணைக்க மறந்திருந்தார். "நாடகம் காப்பிப்படியே நடந்துச்சுன்னு எழுதிட்டேன். அந்த அம்மா கேட்டுச்சே, அத எந்தப் பக்கத்துல எழுதறதும்மா?"

என் கணவருக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமானது. என் பயம் அவரை முந்திக்கொண்டு அன்றைக்கே நிரந்தரமாகியிருந்தது.