பெட்டைக்குப் போட்ட சேவல் வளையம்

வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் படாமல் பருந்தைக் கையாளத் தெரிந்தவர் எங்கள் கேம்ப் ஆபீசர். இடது கையால் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிப்பார். தலையில் துணிப்பை விழும், குறடு ஒரு தடவை அழுந்தும், வளையம் ஏறிவிடும். அந்தக் கை வேகத்தைப் பார்த்து நானே சொக்கிப்போயிருக்கிறேன். போன வருஷம் அவர் இறந்தபோது, கூட வேலை பார்த்தவன் என்று என்னை இரங்கல் கூட்டத்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. போயிருந்தால் இதைத்தான் பேசியிருப்பேன். சாவு வீட்டில் அது நன்றாயிருக்காது.

எழுபதுகளின் தொடக்கம் அது. விலங்கியல் படித்துவிட்டு, அருப்புக்கோட்டையில் அப்பாவின் பலசரக்குக் கடையில் உட்கார மனமில்லாமல் திரிந்தபோது அந்த வேலை கிடைத்தது. ஐப்பசி மழை விட்டதும் வடக்கே பனி விழும் நாடுகளிலிருந்து பூனைப்பருந்துகள் எங்கள் கரிசலுக்கு வரும். பகலெல்லாம் வெட்டுக்கிளி தேடித் தாழப் பறக்கும். பொழுது சாய்ந்தால் மரத்தில் அடையாது. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவிலிருந்த ஒரு தரிசில், புல்லுக்குள் தரையிலேயே இறங்கிப் படுக்கும். அங்கே மூங்கில் நட்டு வலை கட்டுவோம். விழுந்த பருந்தை அளந்து, எடை பார்த்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிடுவோம். மறுபடி எங்கேயாவது யார் கையிலாவது சிக்கினால் அது போய்வந்த பாதை தெரியும் என்பது கணக்கு. மாசி வரை கேம்ப் நடக்கும். "ஏலே, பருந்துக்கு மெட்டி போடுறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று கடைக்கு வந்தவர்கள் முன்னால் அப்பா கேட்பார்.

அந்தத் தரிசில் எங்களுக்கு முன்பே ஒருவருக்குப் பாத்தியதை இருந்தது. அவர் ஒரு கீதாரி, செம்மறிக் கிடையின் தலைவர். சுற்றிலும் வெள்ளாமை நிற்கிற மாதங்களில் அவர் ஆடுகளை அடைக்கும் இடம் அதுதான். ஆபீசர் கேட்டதும் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்துக் கல்லு மேட்டுக்குப் போனார். "அம்புட்டுத் தொலவு பறந்து வருதுக. ராத்தங்க எடம் வேணும்ல" என்றார். அறுப்பு முடிந்த பிறகுதான் அவருக்குப் பிழைப்பு. நரிக்குடிப் பக்கத்துச் சம்சாரிகள் உரத்துக்காக அவர் கிடையைத் தங்கள் வயல்களில் போடச் சொல்வார்கள். கிடை போடுகிறவன் இன்னொருவனின் கிணற்றடியிலும் களத்திலும் ராத்திரி படுக்கிறவன். பேர் சுத்தமாக இருந்தால்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பேரை விட்டால் அவருக்கு வேறு சொத்து இல்லை.

இனி வளையத்துக்கு வருகிறேன். பூனைப்பருந்தில் பெட்டைதான் பெரியது, கால் தடித்தது. சேவலுக்குச் சின்ன வளையம், பெட்டைக்குப் பெரிய வளையம். நான் சேர்ந்த வருஷம் பெரிய வளையம் வந்து சேரவில்லை. பெட்டைகளைச் சும்மா பறக்கவிட்டிருந்தால் குடியா முழுகியிருக்கும்? ஆனால் ஆபீசருக்கு மேலே காட்ட எண்ணிக்கை வேண்டும். சேவல் வளையத்தையே பெட்டைகளுக்கும் அழுத்தினார். "சார், இது இறுக்கும்" என்றேன். "சுத்துதுல்ல? போதும்" என்றார் சிரித்துக்கொண்டே. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கத்துகிறவனோடு சண்டை போடலாம், சிரிக்கிறவனை என்ன செய்வது?

அடுத்த கார்த்திகையில் ஒரு பெட்டை வலையில் விழுந்தது. காலில் எங்கள் வளையம். கால் வீங்கி, தோல் வளையத்தின்மேல் வளர்ந்து மூடி, விரல்கள் கறுத்துப்போயிருந்தன. அந்தக் காலோடு எத்தனை மலையைத் தாண்டி அதே புல்லுக்குத் திரும்ப வந்திருக்கிறது! அன்றைக்கென்று மெட்ராஸிலிருந்து மேலதிகாரி வந்திருந்தார். கீதாரியும் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார். ஆபீசர் பருந்தின் காலைப் பார்த்தார். மேலதிகாரியைப் பார்த்தார். பிறகு கீதாரியைப் பார்த்தார். "கண்ணி பட்ட காயம் சார். இங்க ஆட்டுக்காரங்க கண்ணி வைக்கிறாங்க" என்றார், காப்பிக்குச் சர்க்கரை கேட்கிற குரலில்.

"வலை கட்டிப் பிடிக்கிறது நீங்க, களவாணிப் பட்டம் எனக்கா?" என்றார் கீதாரி.

"சார், அது வளையம் இறுக்குன புண்ணு. போன வருஷமே சொன்னேன்" என்றேன் நான்.

ஆபீசர் அதற்கும் சிரித்தார். பழைய வளையத்தை வெட்டி எடுத்தார். அந்த வருஷம் பெரிய வளையம் வந்திருந்தது, பக்கத்து டப்பாவிலேயே இருந்தது. அதை எடுத்தால் போன வருஷத்துத் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடுமே. அதே சின்ன வளையம் ஒன்றை எடுத்து, நான் கை நீட்டுவதற்குள், பெட்டையின் நல்ல காலில் வைத்து அழுத்தினார். "வளையத்துல தப்பிருந்தா நானே இன்னொண்ணு போடுவேனா சார்?" மேலதிகாரி தலையாட்டினார். பருந்து ஆபீசரின் கையைவிட்டு எழும்பிப் போனது. தன் பொய் நிற்பதற்காக ஓர் உயிரின் இரண்டாவது காலையும் கெடுத்த மனுஷனை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். மறுநாள், கண்ணி வைத்ததாகப் புகார் என்று போலீஸ்காரர் ஒருவர் வந்து கீதாரியைக் கூட்டிப்போனார். ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து, ஒன்றும் கிடைக்காமல் அனுப்பிவிட்டார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. தை பிறந்ததும் கிடைக்குப் பேசிவைக்க வருகிற சம்சாரிகள் ஒருவரும் வரவில்லை. நான் நரிக்குடிக்குப் பஸ் ஏறிப் போய் நடந்ததைச் சொன்னேன். "சும்மாவா தம்பி போலீஸு கூட்டிட்டுப் போவாக?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

அந்தத் தையில் ஒரு சாயங்காலம் நாங்கள் வலை கட்டப் போனால் தரிசு முழுக்கச் செம்மறி. கீதாரி கல்லு மேட்டிலிருந்து மொத்தக் கிடையையும் இறக்கியிருந்தார். பருந்துகள் வந்தன, தாழ வட்டமடித்தன, இறங்க இடமில்லாமல் கிழக்கே போய்விட்டன. பழிவாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். அதில் எனக்குச் சந்தோஷம்கூட.

ஆபீசர் வேகமாக நடந்து போனார். "எதுக்குய்யா இங்க கிடை போட்ட? ஆடு கெடந்தா பருந்து எறங்காதுன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சாமி." கீதாரி கம்பை ஊன்றி நின்றார். "இங்க எறங்குனா காலு போயிரும்னு அதுககிட்டச் சொல்ல எனக்குப் பாஷை தெரியாது. அதான் ஆட்டைப் படுக்க வச்சேன்."

ஆபீசர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, கிடையை ஒட்டி வலையைக் கட்டச் சொன்னார். நான் நட்டிருந்த மூங்கில்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பட்டி அடைக்க ஆகட்டும் என்று கீதாரியின் காலடியில் கொண்டுபோய்ப் போட்டேன்.