முழு வட்டம் போட்ட வீடுகள்

ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள். எந்த நோயாளியின் கோப்பு எந்த அலமாரியில் என்று கேட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொல்லிவிடுவாள். அந்தப் பழக்கத்தைத்தான் கட்சிக்கும் கொண்டுவந்தாள். வார்டின் எண்ணூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் வீட்டுக்கு ஒரு அட்டை. எத்தனை ஓட்டு, யாருக்கு முட்டிவலி, யார் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குவார்கள், எந்த வீட்டு நாய் குரைக்காமலே கடிக்கும், எல்லாம் பென்சிலில் இருக்கும். தெருவில் அவளுக்குக் கார்டு அக்கா என்றே பெயர்.

அட்டையின் மூலையில் ஒரு குறி இருக்கும். முழு வட்டம் என்றால் நம்ம வீடு. அரை வட்டம் ஊசலாட்டம். பெருக்கல் குறி என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர வேண்டியதுதான். இதில் மீறக்கூடாத சட்டம் ஒன்று உண்டு. முழு வட்டம் போட்ட வீட்டில் கதவு தட்டக்கூடாது. நம்மவர்களிடம் போய் நம்மைப் பற்றிப் பேசுவது நேரத்துக்குக் கேடு. அவர்களுக்கான வேலை ஓட்டுப்போடும் நாளன்று மட்டும்தான்: மூன்று மணிவரை வராதவர்களைத் தேடிப்போய் அழைத்து வர வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் இந்த வேலையில் அவளுக்கு ஜோடி, அதே ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் இருந்த லாண்டரிக்காரி. ஒவ்வொரு குடியிருப்பிலும் இவள் கீழிருந்து ஏறுவாள், லாண்டரிக்காரி மேலிருந்து இறங்குவாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் சந்தித்து, படியிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

"நாலாம் மாடிக்காரர் இந்தத் தடவையும் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்றாருக்கா. கல்யாணத்துக்கும் இப்படித்தான் யோசிச்சாராம். அந்தப் பொண்ணு இப்ப பேரன் எடுத்துட்டா."

இரண்டு பேரும் சிரிக்கிற சத்தத்துக்குக் கதவுகள் திறக்கும். அதில் நாலு ஓட்டுத் தேறும்.

புரட்சி பேசாத கட்சி அது. ஓய்வூதியம், ஆஸ்பத்திரி, நிரந்தர வேலை, அவ்வளவுதான் அதன் பேச்சு. ஒரு தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் போக, அதுவரை மேடைக்கு மேடை திட்டிய பெரிய கட்சியோடு சேர்ந்து ஆட்சியில் உட்கார்ந்தது. மூன்று அமைச்சர் பதவி கிடைத்தது. சுகாதாரம் நம்ம கையில் என்று வார்டு ஆபீசில் இனிப்புக் கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் அந்த நம்ம அமைச்சரே ஆஸ்பத்திரிச் சலவையை ஒப்பந்தக்காரருக்கு விட்டுக் கையெழுத்துப் போட்டார். அறுபத்துமூன்று பேருக்கு வேலை போயிற்று. பதிவேட்டு அறையை யாரும் தொடவில்லை.

அவள் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே, "உங்க கட்சி பெரிய இடத்துல வாக்கப்பட்டிருக்கு. இனிமே பொறந்த வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்காது" என்றார்.

லாண்டரிக்காரியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றே நினைத்தாள். அடுத்த குடியிருப்புதான், மூன்றாம் மாடி. போய் என்ன சொல்வது? உன் வேலை போயிற்று, என் வேலை இருக்கிறது, கையெழுத்துப் போட்டவருக்கு நாம்தான் ஓட்டுக் கேட்டோம் என்றா? நாளைக்கு என்று தள்ளினாள். நாளை வாரமாயிற்று, வாரம் வருஷமாயிற்று. மாலை நேரங்களில் அந்தச் சன்னலில் காயும் துணியை மட்டும் பார்த்துக்கொள்வாள். எந்தப் புடவை பழசு, எந்தப் புடவை புதுசு என்பது வரை அவளுக்குத் தெரியும்.

அடுத்த தேர்தல் வந்தது. தனி ஆளாக அரை வட்டங்களின் படியேறினாள். மாவட்டச் செயலாளர் போன் போட்டு முழு வட்டங்கள் எப்படி என்று கேட்டபோது, கல்லு மாதிரி இருக்கிறார்கள் என்றாள். எந்த அட்டையிலும் வட்டத்தை அழிக்கவில்லை. லாண்டரிக்காரியின் அட்டையைக் கையில் எடுத்தவள், வட்டம் மங்கியிருக்கிறதே என்று பென்சிலை இன்னொரு சுற்று ஓட்டி வைத்தாள்.

ஓட்டுப்போடும் நாளன்று மழை. மூன்று மணிக்கு, வராத முழு வட்டங்களின் வீடுகளுக்கு ஆட்டோக்கள் போயின. சனம் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை என்று ஆபீசில் குஷி. அவள் ஓட்டுச்சாவடி வாசலில் குடையோடு நின்றாள். இறங்கினவர்கள் ஒருவர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலரைக்கு, வந்து போட்டவர்களைக் கோடு போட்டு அடிக்கும் பட்டியலில் லாண்டரிக்காரியின் பெயர் இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது. அந்த வீட்டுக்கு அவள் ஆட்டோ அனுப்பவில்லை. தானே மூன்று மாடி ஏறினாள்.

கதவைத் திறந்த லாண்டரிக்காரி மெலிந்திருந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழு வட்டமா?" என்றாள்.

"ம்."

"தெரியும். அதுக்குக் கதவு தட்ட வேண்டாம்னு சட்டம் போட்டதே நாம ரெண்டு பேர்தானே. வேலை போனதுக்கு அமைச்சரைத் திட்டிட்டேன், ஆறிடுச்சு. மூணு வருஷமா என் கதவை ஒருத்தி தட்டலையே, அதுக்கு யாரைக்கா திட்டுறது?"

அவள் குடையை எடுத்து நீட்டினாள். நேரமாகிறது, வா என்று மட்டும் சொன்னாள்.

"வந்தா உங்களுக்குப் போட மாட்டேன்."

"தெரியும். வா."

ஒரே குடையில் போனார்கள். ஆளுக்கு ஒரு தோள் நனைந்தது. லாண்டரிக்காரி உள்ளே போய் வரும்வரை அவள் வெளியே நின்றாள். கட்சி தோற்கப்போகிறது என்பதைவிட, திரும்பி வரும்போதும் பேசமாட்டாளோ என்பதுதான் அவளை அரித்தது. திரும்பும்போது மழை விட்டிருந்தது. லாண்டரிக்காரி முன்னால் நடந்து போய்விட்டாள்.

அந்த வார்டில் அதுவரை பதிவாகாத அளவுக்கு ஓட்டுப் பதிவாகியிருந்தது. கட்சி நாலாவது இடம். எதிரிக்கு ஆட்டோ வைத்து ஆள் ஏற்றிவிட்டோம் என்று ஆபீசில் ஒருவரையொருவர் கடித்துக் குதறினார்கள். அவள் எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

மறுவாரம் ஒருநாள் மத்தியானம், கையில் அட்டை இல்லாமல், அதே கதவைத் தட்டினாள்.

"இப்ப என்ன எலக்‌ஷன்?"

"ஒண்ணும் இல்லடி."

லாண்டரிக்காரி பையைத் தோளில் மாட்டியிருந்தாள். ஏதோ ஓட்டலில் சலவை, மத்தியான ஷிப்ட். பூட்டிக்கொண்டு இறங்கினாள். இவளும் கூடவே இறங்கினாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருவர் நடையும் தானாகத் தளர்ந்தது, ஆனால் உட்காரவில்லை. பஸ் நிறுத்தம்வரை முட்டிவலியைப் பற்றிப் பேசினார்கள். யார் மன்னிப்புக் கேட்பது என்ற பேச்சே வரவில்லை. கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

பஸ் வந்தது. படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு லாண்டரிக்காரி திரும்பினாள்.

"வியாழக்கிழமைதான் எனக்கு லீவு."

எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்க வாயெடுப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.