கீழே இறங்கிய கோடு

அந்த ஆய்வகத்தில் கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டரோடு அலைகிறவள் அவள் ஒருத்திதான். அதனால் ஸ்வெட்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. குளிரறையில் வாரக்கணக்காக வளரும் எலிகள் அவள் பொறுப்பு. குளிர் பழகிய உடம்பில், இதய செல்லின் கால்சியம் கால்வாய்கள் என்ன ஆகின்றன என்பது அவளுடைய ஆராய்ச்சி. கால்வாய் என்றால் செல்லின் சுவரில் உள்ள நுண்ணிய கதவு. அது திறந்து கால்சியம் உள்ளே போனால்தான் இதயம் சுருங்கும்.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். எலிக்கூண்டில் மரத்தூள் மாற்றத்தானா இவ்வளவு படித்தோம் என்று சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வாள்.

குளிர் எலியின் செல் இதுவரை ஒன்றுகூட உருப்படவில்லை. கால்சியம் இல்லாத நீரில் பிரித்தெடுத்த செல்களுக்கு, அவசரத்தில், கால்சியத்தை ஒரே மூச்சில் ஊற்றிவந்தாள். நீளமாக இருந்தவை பந்தாகச் சுருண்டு செத்தன. "இன்னைக்கும் வரலேன்னா வேற தலைப்புக்குப் போயிடலாம்மா" என்று அவளுடைய ஆய்வை வழிநடத்தும் மேடம் சொல்லிவிட்டார்.

இன்று சொட்டுச் சொட்டாக விட்டாள். செல்கள் வரிவரியாகக் கோடு தெரிய, நீட்டி நிமிர்ந்து கிடந்தன. ஃபேனை நிறுத்தினாள். மயிரிழையினும் மெல்லிய கண்ணாடிக் குழாய் முனையை ஒன்றின் மேல் வைத்து லேசாக உறிஞ்சினாள். ஒட்டிக்கொண்டது. இனி யாரும் அசையக் கூடாது. சின்ன அதிர்வுக்கே பிய்த்துக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து அப்பா சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தார். ஐஸ்கிரீம் வண்டி ஓட்டுகிறவர்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க!" என்று கிசுகிசுத்தார் மேடம்.

அப்பா ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். வழுக்கையில் வியர்வை வழிந்தது. "நானும்தான் ஐஸ் பெட்டியோடயே பொழைக்கிறேன். என் இதயத்தைப் பார்க்கத்தான் ஆளில்ல" என்று முணுமுணுத்தார்.

"அப்பா, சும்மா இருங்கப்பா!"

கணினித் திரையில், செல்லின் மின்னோட்டத்தைக் காட்டும் கோடு சட்டென்று கீழே குழிந்து, மெல்ல மேலேறியது.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. "கீழ விழுதே. ஃபெயிலாம்மா?"

"கால்சியம் உள்ள போனா கோடு கீழதாம்ப்பா இறங்கும். கதவு திறக்குது! உயிரோட இருக்கு!"

"சேவ் பண்ணியா?" என்றார் மேடம்.

"பண்ணிட்டேன் மேடம்."

"அப்ப கத்திக்கோ."

கத்தினாள். அப்பா காலை இறக்கினார். செல் பிய்த்துக்கொண்டு போனது. யாரும் சட்டை செய்யவில்லை.

சாதாரண எலியின் செல்லில் கோடு குழிவதைவிட இதன் ஆழம் குறைவுபோல் தெரிந்தது. குளிர் பழகியதாலா, இந்த ஒரு செல்லின் குணமா? தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இவ்வளவு இனிக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"மேடம், தலைப்பு...?"

"மாத்தச் சொன்னது யாரு?" என்றார் மேடம், கொஞ்சமும் கூசாமல். "அடுத்ததைப் பிடி. ஒண்ணை வெச்சு எவன் நம்புவான்?"

"சாப்பிட்டுட்டுப் பிடிக்கக் கூடாதா?" என்றார் அப்பா.

"செல்லு காத்திருக்காதுப்பா."

அப்பா நாற்காலியை இழுக்காமல், பூப்போலத் தூக்கி வைத்து உட்கார்ந்தார்.